மேடை ஏறிய கிரைண்டர்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாய் கடைக்குப் போய் கிரைண்டரை வாங்கிட்டு வரணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

பெல்ட் அறுந்துபோச்சுன்னு குடுத்திருந்தேன். காலையிலயே பாய் போன் பண்ணி ரெடின்னு சொல்லிட்டார். அந்த நம்பிக்கையில மதியமே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுட்டேன். மறுநாள் காலையில நாத்தனார் குடும்பத்தோட வர்றாங்க. எங்க வீட்டுல அவங்களுக்குப் பிடிச்சது என் தோசை மட்டும்தான். அவங்க தம்பியைக்கூட அடுத்தபடியாத்தான் பிடிக்கும்.

கணபதி ஏரியாவுல எங்க தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரு பட்டறை. லேத்து சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். தெருமுனையில பாய் கடை. கிரைண்டர், மிக்சி, ஃபேன் எல்லாம் ரிப்பேர் பண்ணுவார். கடையில பில்லு கிடையாது, டோக்கன் கிடையாது. கிரைண்டர் மேலயே சாக்பீஸால யாரோடதுன்னு எழுதி வெச்சுருவார். அதுவும் பேரை எழுதமாட்டார். "பேரு மறந்துருமுங்க, ஊடு மறக்காதுங்க" என்பார். என்னோடது 'வேப்பமரத்து ஊடு'. எதிர்வீட்டு ஜோதி அக்காவோடது 'நாய் இருக்கற ஊடு'. அந்த நாய் செத்து வருசக்கணக்காச்சு. சாக்பீஸ் இன்னும் ஒத்துக்கல.

அதே ஞாயித்துக்கிழமை, பாய் கடைக்கு நேர் எதிர்ல ஒரு கூட்டம் போட்டிருந்தாங்க. எந்த அமைப்புன்னு சொல்லி அவங்களுக்கு விளம்பரம் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. போற ஊர்லயெல்லாம் ஒரே பேச்சு. முஸ்லிம் கடையில வாங்காதீங்க, அவங்ககிட்ட வேலை குடுக்காதீங்க, வாடகைக்கு இடம் விடாதீங்க. முந்தின வாரமே வீட்டுக்கு வீடு கேட்டுல நோட்டீஸ் சொருகிட்டுப் போயிருந்தாங்க. நல்ல கனமான காகிதம். வடைக்கு எண்ணெய் ஒத்தி எடுக்க வாகா இருந்துச்சு.

நாங்க சிரிச்சுட்டோம். பில்டிங் ஓனர் ரங்கசாமி அண்ணன் சிரிக்கல.

அவர் மாடியில குடியிருக்கார், கீழே பாய் கடை. கெட்ட மனுசன் இல்ல. ஆனா சண்டைன்னா பயம், சத்தம்னா பயம், போலீஸ்னா ரொம்பப் பயம். கூட்டம் நடக்கற அன்னைக்குத் தகராறுன்னு ஏதாச்சும் ஆச்சுன்னா மாசக் கடைசிக்குள்ள கடையைக் காலி பண்ணிருங்கன்னு பாய்கிட்ட சொல்லிட்டார். பாய் திருப்புளியைத் திருகிட்டே இருந்தாராம். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த மூலையில உட்கார்ந்தவர் அவர். இனிமே எங்க போவார்?

தெரு வாட்ஸப் குரூப்புல பேசினோம். போய்க் கத்தினா அது தகராறு. தகராறு ஆனா பாய் காலி. கத்தாம இருந்தா கூட்டம் ஜெயிச்ச மாதிரி. கடைசியில ஜோதி அக்கா 'யோசிப்போம்'னு போட்டாங்க. எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. நானும் போட்டேன். அநீதியை எதிர்த்து என் வாழ்நாள்ல நான் தூக்கின ஒரே ஆயுதம் அந்தக் கட்டைவிரல்தான்.

கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போய் கிரைண்டரை எடுத்துட்டு நைசா வந்துரணும்னு திட்டம். மதியம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். எழுந்து போறப்ப மைக் அலறிட்டிருந்துச்சு.

ரோட்டோரமா பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. மேடையில பிரபு. பக்கத்துத் தெருப் பையன்தான். கல்யாண வீட்டுல பந்தியில நின்னு "இன்னொரு ஆப்பம் வெக்கட்டுங்களா"ன்னு கேட்டுக் கேட்டுப் பரிமாறுவான். இந்த அமைப்புல சேர்ந்ததுல இருந்து பேச்சே மாறிப்போச்சு. எதிர்ல பிளாஸ்டிக் சேர்ல வெளியூர் ஆளுங்க.

நான் தலையைக் குனிஞ்சுட்டு கடைக்குள்ள புகுந்தேன். உள்ளே ஒரு ஒயர் என் காலைத் தட்டுச்சு. பாயோட பிளக்குல இருந்து கிளம்பி, ரோட்டைத் தாண்டி, நேரா அவங்க மைக் செட்டுக்குப் போகுது!

"பாய், இது என்னங்க?"

"வந்து கேட்டாங்க அம்மணி. ஏனுங்க பாய், ஒரு பிளக் பாயிண்ட் கெடைக்குங்களான்னு மருவாதியாக் கேட்டாங்க. மருவாதியாக் கேக்கறவங்களுக்கு எப்படிங்க இல்லைங்கறது?"

"உங்க கடைக்கு வராதீங்கன்னு பேசத்தான பாய் கேட்டாங்க?"

"அது பேச்சுங்க. இது கரண்டுங்க."

காசைக் குடுத்துட்டு கிரைண்டரைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கினேன். டேபிள்டாப்புதான், ஆனா கல்லோட சேர்த்துத் தூக்கினா இடுப்பு பேசும். வாசப்படி இறங்கினேன்.

சரியா அந்த நேரத்துல மேடையில பிரபு கேக்கறான். இந்தத் தெருவுல ஒரு சகோதரிக்காவது தைரியம் இல்லியா, அந்தக் கடையில குடுத்த பொருளைத் திருப்பி வாங்கிட்டு வர்றதுக்கு ஒருத்தர்கூட இல்லியான்னு.

கடையில இருந்து கிரைண்டரோட நான் வர்றேன்.

"இதோ வந்துட்டாங்க நம்ம அக்கா!"

ஒரே கைத்தட்டல். பின்னால யாரோ வர்றாங்க போலன்னு நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால பாய் மட்டும்தான் நின்னுட்டிருந்தார். அவரும் புரியாம சேர்ந்து கைதட்டினார்.

அதுக்குள்ள ரெண்டு பேர் ஓடி வந்து, கனமா இருக்குமுங்கக்கா, குடுங்கன்னு கிரைண்டரை வாங்கிட்டாங்க. வாங்கினவங்க என் வீட்டுப் பக்கம் போவாங்கன்னு பார்த்தா, நேரா மேடைக்குக் கொண்டுபோய் நடுவுல வெச்சுட்டாங்க. கிரைண்டர் போற இடத்துக்குத்தான நானும் போகணும்? போனேன். உட்காருங்கக்கான்னு ஒரு சேரைப் போட்டாங்க. எங்க ஊர்ல உட்காருங்கன்னு சொன்னா உட்கார்ந்துருவோம். அது ரத்தத்துலயே இருக்கு. உட்கார்ந்துட்டேன்.

அடுத்து பொன்னாடை.

எனக்கு வாழ்க்கையில யாரும் பொன்னாடை போட்டதில்ல. இருபது வருசம் சமைச்சுப் போட்ட வீட்டுல ஒரு துண்டுகூடப் போட்டதில்ல. உண்மையைச் சொல்லிடறேன், போட்டோ எடுக்கறப்ப சரிகை வெளியே தெரியற மாதிரி நானே கொஞ்சம் இழுத்து விட்டுக்கிட்டேன். அந்த ஒரு செகண்டுக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கல.

பிரபு மைக்கை என் வாய்கிட்ட நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னான். பாய் நல்லவர்னு சொல்லணும். கிரைண்டரை அருமையா ரெடி பண்ணிக் குடுத்திருக்கார்னு சொல்லணும். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளியே வந்தது இதுதான்:

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊட்ல அரிசி ஊறுதுங்க. நான் போகோணுமுங்க."

பிரபு மைக்கைப் பிடுங்கிட்டான். அக்கா எவ்வளவு பெரிய விசயத்தை எவ்வளவு சுருக்கமாச் சொல்லிட்டாங்க பாருங்க, நம்ம பொறுமை ஊறிக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்கன்னு விளக்கம் குடுத்தான். வெளியூர் ஆளுங்க விசிலடிச்சாங்க. என் அரிசிக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்கே அப்பத்தான் தெரியும்.

மடியில போன் அதிர்ந்துச்சு. வீட்டுக்காரர் மெசேஜ்: 'எங்க இருக்க?'

'வந்துட்டே இருக்கேன்'னு போட்டேன்.

'லைவ்ல தெரியற' அப்படின்னு பதில் வந்துச்சு.

அவனுங்க வீடியோ எடுத்து நேரடியா விட்டுட்டிருக்காங்க. அதை யாரோ எங்க தெரு குரூப்புலயும் போட்டுட்டாங்க. பொன்னாடையோட நான், பக்கத்துல கிரைண்டர், அது மேல சாக்பீஸ்ல பெருசா 'வேப்பமரத்து ஊடு'. அட்ரஸோட சேர்த்து மாட்டிக்கிட்டேன்.

குரூப்புல மெசேஜ் மேல மெசேஜ். 'இவளா இப்படி?' 'அமைதியா இருக்கறவங்களை நம்பக்கூடாதுங்கறது சரிதான்.' அப்புறம் ஜோதி அக்கா போட்டாங்க. 'ஒருத்தி கிரைண்டரை வெளியே எடுத்தாள்ல. நாம எல்லாரும் உள்ளே கொண்டுபோய்க் குடுப்போம். யாரும் சத்தம் போடக் கூடாது, கோசம் போடக் கூடாது. ரிப்பேருக்குக் குடுக்கறோம், அவ்வளவுதான். நான் கிளம்பிட்டேன்.'

கட்டைவிரலா வந்து விழுந்துச்சு. பழக்கதோசத்துல நானும் ஒண்ணு போட்டுட்டேன். 'உனக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு உடனே அதுக்கும் ஒரு பதில்.

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எதுக்கு எதிரா தெருவே திரண்டு வருதுன்னு பார்த்தா, எனக்கு எதிரா!

கொஞ்ச நேரத்துல வந்தாங்க. சைக்கிள் கேரியர்ல கிரைண்டர். ஸ்கூட்டர் கால்வைக்கற இடத்துல கிரைண்டர். குழந்தையைத் தள்ளிட்டுப் போற வண்டியில கிரைண்டர், குழந்தை அப்பன் இடுப்புல. கிரைண்டர் இல்லாதவங்க மிக்சி. டீச்சர் வீட்டுல டேபிள் ஃபேன். யாரும் ஒரு வார்த்தை பேசல. தேருக்குப் பின்னால போற மாதிரி வரிசையா, நிதானமா வர்றாங்க.

பிரபு பார்த்துட்டான். குஷியாயிட்டான். "பாருங்க, அக்கா காட்டுன வழியில மக்கள் எல்லாரும் அவங்கவங்க பொருளை எடுத்துட்டு..."

"கடைக்குள்ளயில்ல போறாங்க"ன்னு என் வாயில வந்துருச்சு. மைக் பக்கத்துலயே இருந்ததால தெரு முழுக்கக் கேட்டுச்சு.

வரிசையில கடைசியா ஒரு ஆள் மிக்சியைக் கையில பிடிச்சுட்டு வந்தார். என் வீட்டுக்காரர்! எங்க வீட்டு மிக்சி! மேடையைத் தாண்டறப்ப என்னைப் பார்க்கவே இல்ல. வேணும்னே மிக்சியைப் பார்த்துட்டே போனார். கல்யாணமான நாள்ல இருந்து அந்த மிக்சியை அவர் தொட்டு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இப்ப பாய்க்கு வந்துச்சு சோதனை. அவர் ஒரு பிடிவாதக்காரர். கோளாறு இல்லாத பொருளைக் கையில வாங்கமாட்டார், தொழிலுக்கு ஆகாதாம். ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன கோளாறுன்னு கேக்கறார். நல்லா ஓடற கிரைண்டருக்கு எங்க போறது கோளாறுக்கு? ஒருத்தர் கல்லு சத்தம் முன்ன மாதிரி இல்லீங்கறார். ஒருத்தர் இட்லி மெத்துனு வரலீங்கறார். ஜோதி அக்கா யோசிச்சு யோசிச்சு, கிரைண்டர் சாயங்காலமானா சோர்ந்து போகுதுங்கன்னு சொல்லிட்டாங்க.

பாய் அத்தனையையும் நம்பிட்டார். நம்பினா சும்மா இருப்பாரா, ஓட்டிப் பார்க்கணுமே. ரெண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் போட்டு வரிசையா பிளக்கை மாட்டி ஓட விட்டார். சத்தமான சத்தம். அதுக்கு மேல பிரபு கத்தறான். பழைய பில்டிங்கு, பழைய ஒயரு.

டப்னு ஒரு சத்தம். ஃபியூஸ் போயிருச்சு.

கிரைண்டர் நின்னுச்சு, ஃபேன் நின்னுச்சு, மைக்கும் நின்னுச்சு. அவ்வளவு நேரம் இருந்த இரைச்சலுக்கு அந்த அமைதி காதை அடைச்சுது. மாடியில ரங்கசாமி அண்ணன் கைப்பிடிச்சுவரைப் பிடிச்சுட்டு நின்னுட்டார். வெளியூர் ஆளுங்க எந்திரிச்சாங்க, வேணும்னே கரண்டைப் புடுங்கிட்டாங்கன்னு ஒருத்தன் கத்தினான். தெருக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. ஒரு கை ஓங்கினாப் போதும், தகராறு. தகராறுன்னா பாய் காலி.

அந்த நேரத்துல பிரபு, பழக்கதோசத்துல, மேடையில இருந்து எட்டிப் பார்த்துக் குரல் குடுத்தான்.

"ஏனுங்க பாய், கரண்டு போயிருச்சுங்க."

"இதோ வாரேனுங்க" என்றார் பாய்.

ஸ்டூலை எடுத்துட்டு வாசல்ல இருக்கற ஃபியூஸ் பெட்டிகிட்ட வந்தார். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். நான் மேடையில இருந்து குதிச்சு ஓடிப் போய் ஒரு பக்கம் பிடிச்சேன். இன்னொரு பக்கம் ஜோதி அக்கா பிடிச்சாங்க. என் பொன்னாடையை ஒரு பார்வை பார்த்தாங்க. கிரைண்டர் கல்லு தலையில விழுந்திருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

பாய் மேலே இருந்து சொன்னார்: "நம்ம கிரைண்டரு பிளக்கெல்லாம் மொதல்ல கழட்டிப்போடுங்க. அவங்க பேசி முடிச்சுக்கட்டும். நம்ம வேலையை அப்புறமாப் பாத்துக்கலாமுங்க."

யாரும் அசையல. பாய் திரும்ப, "கழட்டுங்க கண்ணு, பாதிப் பேச்சுல நிக்கறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஒவ்வொண்ணாக் கழட்டினார்.

தன் கடைக்கு யாரும் வரக்கூடாதுன்னு பேசற மைக்குக்கு, அந்த மனுசன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஃபியூஸ் கம்பி சுத்திட்டிருக்கார். எனக்கு அழுகை வந்துச்சு. பொன்னாடையில மூக்கைத் துடைச்சுக்கிட்டேன். அது ஒண்ணுக்காச்சும் உதவுச்சு.

கரண்ட் வந்துருச்சு. மைக் கொய்ங்னு ஒரு சத்தம் போட்டுச்சு. பிரபு ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தான். அப்புறம் மைக்குல, தெரு முழுக்கக் கேக்கற மாதிரி, அவங்கம்மா சொல்லிக் குடுத்து வளர்த்தது தன்னால வாயில வந்துச்சு.

"ரொம்பத் தேங்ஸுங்க பாய்."

அது எதிர்ல பட்டறைச் சுவத்துல பட்டு இன்னொரு தடவை கேட்டுச்சு. பாய்... பாய்...

"இருக்கட்டுங்க, நீங்க பேசுங்க" என்றார் பாய், ஸ்டூல்ல நின்னபடியே.

பிரபு கையில இருந்த தாளைப் பார்த்தான். அடுத்த வரி என்னன்னு எங்க எல்லாருக்குமே தெரியும். நோட்டீஸ்ல இருந்ததுதான், அந்தக் கடைப் பக்கமே போகாதீங்கங்கறது. தாளைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். ஜோதி அக்கா ஸ்டூலை விட்டுட்டு மெதுவாக் கைதட்டினாங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தரா தெருவே தட்டுச்சு. கிண்டலுக்குத் தட்டினாங்களா, மனசாரத் தட்டினாங்களான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. தட்டினவங்களுக்கும் தெரியாதுன்னு நினைக்கறேன்.

"கூட்டம் இத்தோட முடியுதுங்க" என்றான் பிரபு. "எல்லாரும் பாத்துப் பத்தரமா ஊட்டுக்குப் போங்க."

வெளியூர் ஆளுங்க அவனைத் திட்டிக்கிட்டே வண்டி ஏறினாங்க. அவன் ஒயரைச் சுருட்டிட்டே கடைக்குள்ள வந்தான். பிளக்கைப் பிடுங்கினவன் போகல, அங்கயே நின்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அம்மா கேக்கச் சொன்னாங்க, மிக்சி ஜாருல தண்ணி ஒழுகுதுன்னு சொன்னான்.

"நாளைக்கழிச்சுக் கொண்டாங்க தம்பி" என்றார் பாய். "இன்னைக்குக் கடையில கால் வெக்க எடமில்லீங்க."

ரங்கசாமி அண்ணன் படியிறங்கி வந்தார். கடையைப் பார்த்தார், கிரைண்டர் குவியலைப் பார்த்தார், ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார்.

"ஒயரெல்லாம் பழசாயிருச்சுங்க பாய். அடுத்த வாரம் ஆள உட்டுப் புதுசா மாத்தீரோணும்."

பாய் கேட்டார். "அப்பக் காலி பண்றதுங்க?"

"காலி பண்ற எடத்துக்கு எவனாச்சும் புது ஒயரு போடுவானுங்களா?" என்றபடி படியேறிட்டார்.

எல்லாரும் பாயைச் சுத்தி நின்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. மேடைகிட்ட நானும் என் கிரைண்டரும் மட்டும். யாரும் என்னைக் கண்டுக்கல. நான் அந்தக் கட்சி இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது? மைக்கும் போயிருச்சு. கிரைண்டரைத் தூக்கிட்டுப் போய் கடையில குவியலுக்குக் கடைசியா வெச்சேன்.

"இப்பத்தானுங்க கொண்டு போனீங்க?" என்றார் பாய்.

"சத்தம் சரியில்லீங்க."

"நீங்க ஓட்டவேயில்லீங்களே அம்மணி."

ஜோதி அக்காதான் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் என் வீட்டுக்காரர். அப்புறம் தெருவே. நானும் சிரிச்சேன், பொன்னாடையைக் கழட்ட மறந்து.

வீட்டுல அரிசி ஊறி ஊறிப் புளிச்ச வாடை அடிச்சுது. அரைக்கறதுக்குக் கிரைண்டரும் இல்ல, மிக்சியும் இல்ல. கடன் கேக்கலாம்னா தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் இல்ல. மறுநாள் காலையில தெரு முழுக்க உப்புமா. நாத்தனார் தட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, 'வீடியோ பார்த்தேன்'னு மட்டும் சொன்னாங்க.

அடுத்த வாரக் கடைசியில போய் எட்டிப் பார்த்தேன். புது ஒயர் போட்டிருந்தாங்க. எல்லா கிரைண்டரும் போயிருச்சு, என்னோடது மட்டும் மூலையில இருந்துச்சு. 'வேப்பமரத்து ஊடு'ங்கறதை அழிச்சுட்டு, பாய் புதுசா சாக்பீஸ்ல எழுதியிருந்தார்:

'மேடை அம்மணி. கிரைண்டர்ல கோளாறு இல்லை.'